காக்கா வந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லவும்

மந்தைவெளி,
வியாழக்கிழமை, நல்ல வெயில்.

எங்கள் வீட்டுச் செல்லப் பெண் சரண்யாவுக்கு, உன் மாமா அய்யாதுரை மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நான் மிகமிக நலம். அங்கு நீயும், மாப்பிள்ளை ராகேஷும், உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து நாள் கணக்கில் தங்கிவிட்ட உன் அத்தை பங்கஜமும் நலமா என்று அறிய ஆவல். மந்தைவெளிக்கும் பெசன்ட் நகருக்கும் ஒரே பஸ், இதற்குப் போய்க் கடிதமா என்று நீ கேட்பாய். போன் செய்தால் நீ அத்தையிடம் கொடுக்கிறாய், அவள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தவிர, நான் எட்டாவது வரை படித்தவன், எட்டாவதை இரண்டு வருஷம் படித்ததால் பத்தாவதுக்குச் சமம், எனக்கு எழுத்து நன்றாக வரும். ஆகவே டி.வி.யை நிறுத்திவிட்டு, அத்தை காதில் விழும்படி, இதை நிதானமாகப் படிக்கவும். அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். இது என் பக்கம்.

சர்க்கார் நாடு முழுக்க வீட்டு மாடிகளில் சூரிய கரண்ட் எடுக்கச் சொல்லிக் கூப்பாடு போடுவது உனக்கே தெரியும். மாசி மாதம் நம் தெரு முனையில் பந்தல் போட்டு, மைக் வைத்து, முகாம் நடத்தினார்கள். நான் மோருக்காகப் போனேன் என்று அத்தை சொல்லியிருப்பாள். மோர் கொடுத்தார்கள், குடித்தேன், அது வேறு விஷயம். மேடையில் இருந்த அதிகாரி, “யார் வீட்டு மாடியில நிழலே விழாம வெயில் அடிக்குது?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் புகழேந்தி கையைத் தூக்கினான். விடுவேனா? நான் எழுந்தே நின்றுவிட்டேன். “ஐயா, மயிலாப்பூர் வட்டாரத்துலயே வெயில் முதல்ல இறங்குறது என் மாடியிலதான், அங்க மிஞ்சினதுதான் மத்தவங்களுக்கு” என்றேன். கூட்டம் கைதட்டியது. சிரித்தார்கள் என்று அத்தை சொல்வாள், கைதட்டிக்கொண்டே சிரித்தார்கள். அதிகாரி மேடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி தெருவுக்கு ஒருவர் இருந்தால் நாட்டுக்கு நிலக்கரியே வேண்டாம் என்றார். கண் கலங்கியது, அவருக்கு. அந்த வாரமே நீதான் உன் செல்போனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாய். ஆகையால் இதில் உனக்கும் பங்கு உண்டு, அதையும் சத்தமாகவே படி.

அப்புறம் அளவெடுக்க இன்ஜினீயர் வந்தாள், மஹ்விஷ் என்று ஒரு பெண், தலையில் தொப்பி, கையில் டேப். மாடியை இப்படியும் அப்படியும் அளந்துவிட்டு, “அங்கிள், நீங்க ரெண்டே பேரு. நாலு பேனல் தாராளம். பாதி மாடி உங்களுக்கு ஃப்ரீயாவே இருக்கும்” என்றாள். புகழேந்தி ஆறு போட்டிருக்கிறான். நான் நாலு போட்டுக்கொண்டு தெருவில் எப்படி நடமாடுவது? “மாடி முழுக்கப் போடும்மா, ஒரு இஞ்ச் விடாத” என்றேன். அப்போதுதான் உன் அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே மேலே வந்து, “அந்தக் கடைசி மூலையை மட்டும் விட்டுருங்கம்மா” என்றாள். “துணி காயப் போடவா ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் கேட்டது. “காக்காவுக்குச் சோறு வைக்கிற இடம்” என்றாள் அத்தை.

காக்கா என்று சும்மா எழுதிவிட்டுப் போக முடியாது. உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் பிள்ளை பாலு போனது அந்தப் பெருந்தொற்று வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை, முகத்தைக் காட்டவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றோம், நீயும் நின்றாய், அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. காரியம் முடிந்த அன்று அத்தை மாடி மூலையில் சோறு வைத்தாள். ஒரு காக்கா வந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து மதில் மேல் நடந்தது. காலேஜ் படிக்கும்போது வண்டியிலிருந்து விழுந்தானே பாலு, அதற்கப்புறம் அவன் நடந்த மாதிரி. அன்றிலிருந்து அது வாய் வைத்த பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். நான் இதில் தலையிட்டதே இல்லை. கொஞ்சம் பருப்பும் சேர்த்து வை என்று எப்போதாவது சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் அன்று இன்ஜினீயர் பெண் நிற்கிறாள், அந்தப் பக்கம் மதிலுக்கு மேலே புகழேந்தியின் தலை தெரிகிறது. ஒரு மனுஷன் இந்த நேரத்தில் காக்காவுக்காக இறங்கிப் போக முடியுமா? “சர்க்காருக்கு வெயில் தேவைப்படுது, நீ காக்காவைக் கட்டிக்கிட்டு அழுவுற. ஊர்ல அதுக்கு வேற மதிலா இல்ல?” என்றேன். அத்தை கீழே போய்விட்டாள். மஹ்விஷ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “அங்கிள், ஒரே ஒரு மூலைதான...” என்று இழுத்தாள். “நீ போடும்மா” என்றேன். போட்டார்கள். இன்று வானத்தில் விமானத்தில் போகிறவர்கள் கீழே பார்த்துக் கடல் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதா என்று பயப்படுகிறார்களாம், அந்த அளவுக்கு நீலமாக மின்னுகிறது நம் மாடி.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சூரிய கரண்ட் குளிர்ச்சியானது, சாதாரண கரண்ட் மாதிரி உடம்புக்குச் சூடு இல்லை. ஃபேன் காற்றே வேறு மாதிரி வருகிறது. நாம் செலவழித்தது போக மிச்சம் கம்பி வழியாக வெளியே போகிறது. எங்கே போகிறது என்று கம்பெனிக்காரர்கள் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஆனால் லஸ் முனை சிக்னல் இப்போது முன்னைவிடப் பளிச்சென்று எரிவதை நானே போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கில் நம் வீட்டுச் சாயல் நன்றாகத் தெரிகிறது. ஆட்டோக்காரர்களிடம் சொன்னேன், வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

கரண்ட் ஓட ஆரம்பித்த முதல் நாளை அத்தை உன்னிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன். பேனல் மாட்டிய துரைராஜ் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தான். மூலைதான் மூடிவிட்டதே, அத்தை பேனல் ஓரமாக மிஞ்சிய மதிலில், கை அகல இடத்தில், சோற்றை வைத்துவிட்டு வழக்கம் போலக் கூப்பிட்டாள். அது வந்தது. சோற்றைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடிக்குள்ளே இன்னொரு காக்கா நிற்கிறது. கொத்தியது பார், அப்படி ஒரு கொத்து. “இன்னா சார் இது, தன் மூஞ்சியவே பாத்துக்கினு சண்ட போட்டுக்கினு கீது!” என்று துரைராஜ் துணியை வீசி விரட்டப் பார்த்தான், அது நகரவில்லை. அலகெல்லாம் ரத்தம். அத்தை ஓடிப்போய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, “அது நீதான்ப்பா, கொத்தாத, அது நீயேதான்ப்பா” என்று கத்தினாள். அது அவள் கையிலும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுச் சாந்தோம் பக்கமாகப் பறந்து போனது. துரைராஜ் கண்ணாடியைத் துடைத்தான். எல்லோரும் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நான்தான், “போனா போவுது, காக்காதான, நாளைக்கு வேற ஒண்ணு வந்துட்டுப் போவுது” என்றேன். “அப்டி சொல்லாத சார்” என்றான் துரைராஜ், வயதில் சின்னவன், எனக்கே சொல்கிறான். அத்தை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி அதை அன்றைக்கே முடித்திருப்பேன்.

அப்புறம் தினமும் சோறு வைத்தாள், அது காய்ந்து பருக்கை பருக்கையாகக் கிடந்தது. அவள் வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஃபேனை ஐந்தில் வைத்து, ஏ.சி.யையும் போட்டு, எல்லா விளக்கையும் பகலிலேயே எரியவிட்டு, “பாரு பங்கஜம், எல்லாம் ஓசி” என்று காட்டினேன். ஒரு காலை பையை எடுத்துக்கொண்டு வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். கல்யாணமான நாள் முதல் அது அவள் இடுப்பில் இருந்த சாவி, எந்தக் கதவுக்கு எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உன் வீட்டு பால்கனியிலும் சோறு வைக்கிறாளாம், கடற்கரைக் காக்காக் கூட்டமே வந்து தின்கிறதாம், ஆனாலும் இவள் சாப்பிடாமல், “இதெல்லாம் யாரு பெத்த புள்ளைங்களோ” என்று உள்ளே வந்துவிடுகிறாளாம். சாயங்காலம் அரை டம்ளர் கஞ்சி, அதுவும் நீ அழுதால்தான். டாக்டர் வேறு பயமுறுத்துகிறார் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். சரண்யா, இப்படியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆகவே இப்போது சொல்லப்போவதை நன்றாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு படி. காக்கா வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்தது. வந்து மதில் மேல் அமர்ந்து, கண்ணாடியைப் பார்த்து, சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவு விவரமாகிவிட்டது. நான் சமைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றது. அதே காக்காதானா என்று அத்தை கேட்பாள். அதேதான். நொண்டியது. நன்றாக நொண்டியது. முன்னைவிட அதிகமாகவே நொண்டியது. எந்தக் கால் என்று கேட்பாள். இடது கால்தான், ஆனால் அது திரும்பித் திரும்பி உட்கார்ந்ததால் சில சமயம் வலது மாதிரியும் தெரிந்தது. அலகில் காயம் ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை, சூரிய கரண்ட் பக்கத்தில் இருந்தால் புண் சீக்கிரம் ஆறும். சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்பது போல மூன்று தடவை கத்தியது. ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். செவ்வாயும் வந்தது, புதனும் வந்தது. இனி அத்தை வராமல் இருந்தால் வாக்குக் கொடுத்த நான்தான் பொய்யனாவேன்.

அதே சமயம் ஒன்றை அவள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பேனலில் ஒன்றைக்கூட நான் நகர்த்தப் போவதில்லை. நகர்த்த எனக்கே அதிகாரம் கிடையாது, அது இப்போது தேசத்தின் சொத்து. என் மாடியில் ஒரு ஸ்க்ரூ கழன்றால் டெல்லியில் ஒரு விளக்கு அணையும், அப்புறம் அவர்கள் போன் போட்டு, என்ன அய்யாதுரை என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? அவள் வரட்டும், காக்கா வருகிறது, கரண்ட் வருகிறது, எல்லாம் வருகிறது, அவள் ஒருத்திதான் பாக்கி.

எனக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். கரண்ட் அடுப்பில் ராஜா மாதிரி சமைத்துச் சாப்பிட்டு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குறையாத ஆயுளும், கலையாத உறக்கமும், வற்றாத தண்ணீர்த் தொட்டியும் அமைய வாழ்த்துகிறேன். அத்தைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமா
அய்யாதுரை

பின்குறிப்பு: சரண்யா, இங்கிருந்து வாய்விட்டுப் படிக்காதே. கையெழுத்தோடு முடிந்தது என்று சொல்லி மடித்துக்கொண்டு, அடுப்படிக்குப் போய்த் தனியாகப் படி.

காக்கா வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. நான் வைக்கிற சோறு சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கிறது. அது தொடாமல் எனக்கும் இறங்கமாட்டேன் என்கிறது, இது எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, மதிலில் கிடக்கிற அந்தச் சோற்றை அங்கேயே நின்று நானே தின்றுவிட்டு இறங்குகிறேன். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

துரைராஜை வரச் சொல்லிவிட்டேன். மூலையில் இருக்கிற இரண்டு பேனலைக் கழற்றுகிறான். “கம்பெனில கேட்டா இன்னா சார் சொல்றது?” என்றான். என் பெயரைச் சொல் என்றேன். “உன் பேர சொன்னா இன்னா ஆவும்?” என்றான். ஒன்றும் ஆகாதுதான்.

நேற்று மத்தியானம் மாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், அத்தைக்கு வருகிற குரல் எனக்கு வரவில்லை. அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் போன பிறகு அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னதில்லை. புகழேந்தி தன் மாடிக்கு வந்து, “யாரண்ணே கூப்பிடுறீங்க?” என்றான். “கரண்ட் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வரணும்” என்றேன். அவன் மதிலோரமாக வந்தான். பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி, அவனும் பாலு, பாலு என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இரண்டு கிழவர்கள் இப்படிக் கத்தினால் எந்தப் பிள்ளை வரும்? அவளை அனுப்பி வை.