எக்ஸ்ரே அறையில் அப்பா

நடந்தவை, வரிசைப்படி:

1. அப்பா காலமானார்.
2. எங்கள் ஊர் குஷாய்குடாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை என்னை ஆறு மாத வேலைக்குத் தான்சானியா அனுப்பியது.
3. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கெட்டுக் கிடந்த எக்ஸ்ரே மெஷினை, அப்பா நினைவாக, ரிப்பேர் செய்தேன்.
4. மெஷின் அருமையாக ஓடியது.
5. நோயாளிகள் ஓடிப்போனார்கள்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நான் செய்த காரியத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. (எங்கள் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள்.)

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றிச் சேர்த்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். நாளைக்கு ஆள் வருவார் என்றார்கள். ஆள் வருவதற்குள் அப்பா போய்விட்டார். எள்ளும் தண்ணீரும் இறைக்கத் தம்பி இருக்கிறான். மகளுக்கு சாஸ்திரம் எந்த வேலையும் ஒதுக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம் என்று தான்சானியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருகிய வயர்களை மாற்றினேன். முதல் படம் தெளிவாக விழுந்ததும் தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அதோடு டூல் பெட்டியை மூடியிருக்க வேண்டும். ஆனால் உபயம் என்று ஒன்று செய்துவிட்டு, பேர் போடாமல் திரும்ப நம்மால் முடியுமா?

ஊரிலிருந்து கொண்டுபோன அப்பா படத்தை எக்ஸ்ரே அறைச் சுவரில் மாட்டினேன். ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பேகம்பேட் ஸ்டுடியோவில் பெரிதாக்கியது. எதிரே நிற்பவரைச் சந்தேகப்படும் முகம். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சந்தன மாலை. தமிழில் போட்டால் யாருக்குப் புரியும் என்று, இறந்த தேதியை சுவாஹிலியில், பெரிய எழுத்தில் எழுத வைத்தேன். மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. மெஷின் ஓடும்போதெல்லாம் அது தானாக எரியும்படி இணைத்தேன். (அந்த சர்க்யூட்டில் இன்றும் எனக்குப் பெருமைதான்.)

அடுத்த ஞாயிறு போனால், வராந்தா நிறையக் கூட்டம், எக்ஸ்ரே அறையில் ஈ காக்கை இல்லை. இருமிக்கொண்டே ஒரு பெரியவர் வாசல்வரை வந்தார். அப்பாவைப் பார்த்தார். எழுதியிருந்ததைப் படித்தார். இருமலை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். "இவர் இந்த மெஷின்லதான் இறந்தாரா?"

"இல்லை. இது மாதிரி ஒண்ணு ஓடாததால இறந்தார்."

"அதை எழுதலையே."

எங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் மாலை போட்ட படம் இருக்கும் என்று விறைப்பாகச் சொன்னேன்.

"அங்கெல்லாம் மெஷின் ஓடுமா?" என்றார்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி அப்பாவைக் கழற்றினேன். துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, பெரியவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். வெறும் சுவரில் சிவப்பு பல்பு எரிந்தது.

நான் ஊர் திரும்பி இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் மிக்ஸி நின்றால் அம்மா என்னைத்தான் பார்க்கிறாள். "ஏண்டி, அப்பாவை இந்தப் பக்கம் கொண்டுவந்தியா?" யாராவது ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினால் தம்பி, "அந்த லேப் நக்கோ, வேற லேப் போ, அக்கா அங்க போட்டோ மாட்டியிருப்பா" என்கிறான்.

தற்போதைய நிலவரம்: மெஷின் அங்கே ஓடுகிறது. பல்பை அறை வாசலுக்கு மாற்றிவிட்டார்களாம். எரியும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். யார் நினைவாக என்று அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா குஷாய்குடாவில், ஹாலில், ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறார்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர்.