முகம் தேறும்வரை நிச்சயதார்த்தம் வேண்டாம்

பெம்பான், ஜாசின்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சுகுமாரன் அவர்களுக்கு,

பெம்பானிலிருந்து நாகமுத்து வணங்கி எழுதிக்கொள்வது. அலோர் காஜாவில் தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளை தினேஸ்வரனுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நான், என் மனைவி மலர்க்கொடி, மகள் தேவமலர் மூவரும் நல்ல சுகம். சுகம் என்று எழுதிவிட்டேன், பேனாவுக்கு அப்படித்தான் பழக்கம். உண்மையில் மூவரில் இருவர்தான் சுகம்.

கைத்தொலைபேசி இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மலர்க்கொடி பக்கத்தில் நின்று கேட்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் தேவமலர் பார்த்துவிடுவாள். ஜாசினில் மளிகைக் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப் நாளை சரக்கு ஏற்றிக்கொண்டு அலோர் காஜா பக்கம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: நம் பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்தை ஓர் இரண்டு மாதம் தள்ளிவைக்க வேண்டுகிறேன். நாள் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அந்த ஜோசியர் உங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பது இரண்டு வரி எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது வேறு தாள். ஆகவே உண்மையையே எழுதிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், தேவமலர் கணக்காளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு, தூக்கமும் கெட்டு, கன்னத்திலும் நெற்றியிலும் பருக்கள் வந்துவிட்டன. உடனே பதறாதீர்கள், அவள் முகம் இப்போது நன்றாக இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். "விடுங்கம்மா, எக்ஸாம் முடிஞ்சா தானா போயிடும் லா" என்று பிள்ளை அப்போதே சொன்னாள். ஆனால் பெற்றவளுக்கு மனசு கேட்குமா? மலர்க்கொடி போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். அதில் ஒரு பெண் வருவாள், உரித்த முட்டை மாதிரி முகம். கரும்புள்ளியா, பருவா, தழும்பா, எல்லாவற்றுக்கும் சமைக்கிற குசினியிலேயே மருந்து இருக்கிறது என்பாள். எனக்கும் அதில் நம்பிக்கை வரத்தான் செய்தது. ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வாள் பாருங்கள், முகத்தில் பூசும் முன் தோலில் கொஞ்சம் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று. அதைக் கேட்டதும் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். நிச்சயத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை முகம் வீங்கிப் போனால் உங்கள் முன்னால் நான் எப்படி வந்து நிற்பேன்?

"எதுவா இருந்தாலும் மொதல்ல எம் மூஞ்சில போடு. ஒன்னும் ஆவலன்னா பெறவு பிள்ளைக்குப் போடலாம்" என்றேன்.

"ஒங்க மூஞ்சும் பிள்ள மூஞ்சும் ஒன்னாங்க?" என்றாள் மலர்க்கொடி.

"அவ எம் மகதானே. அவ தோலு பின்ன எங்கிருந்து வந்துச்சாம்?" என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் மஞ்சள். கஸ்தூரி மஞ்சள் வாங்க மீரா சாஹிப் கடைக்குப் போனேன். "முடிஞ்சி போச்சிண்ணே, அடுத்த வாரம் வந்துரும்" என்றார். அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க மலர்க்கொடிக்குப் பொறுமை இல்லை. மஞ்சள் என்றால் எல்லாம் மஞ்சள்தானே என்று, கறிக்குப் போடும் மஞ்சளைக் கடலை மாவிலும் தயிரிலும் குழைத்து என் முகம், கழுத்து, காது எல்லா இடத்திலும் பூசிவிட்டாள். ஊறினால்தான் பலன் என்று கழுவவும் விடவில்லை. கழுவியபோது மாவு போயிற்று, தயிர் போயிற்று, மஞ்சள் போகவில்லை. நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டுவது தங்களுக்குத் தெரியும். விடியும் முன் ஆட்களை ஏற்றியதால் யாரும் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. தொழிற்சாலை வாசலில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் இறங்கும்போது பார்த்துவிட்டாள். "அங்கிள், ஒங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? காமாலயா?" என்று கேட்டாள். சாயங்காலம் திரும்பும்போது முன்பக்கம் இருந்த இருக்கைகளில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் கடைசியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டார்கள். கிளினிக்கில் காட்டாமல் இனி வண்டியைத் தொடக் கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கிளினிக்கில் ஒரு மலாய் டாக்டரம்மா. கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். நர்ஸைக் கூப்பிட்டு ரத்தமும் எடுக்கச் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, பஞ்சை நனைத்து என் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்து அதை மோந்து பார்த்தார். "குன்யிட் லா, பாக்சிக்!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார், இது வெறும் மஞ்சள்தானே பெரியவரே என்று. அது கறி மஞ்சள் என்று எனக்கு முன்னமே தெரியும் சம்பந்தி. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கத்தில் ரத்தம் போனதுதான் மிச்சம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மஞ்சள் கறையை எடுக்க எலுமிச்சைதான் சரி என்று அந்த முட்டைமுகப் பெண் வேறொரு வீடியோவில் சொல்லியிருந்தாள். எலுமிச்சை கரும்புள்ளியையும் எடுக்குமாம், ஒரே செலவில் இரண்டு வேலை. மலர்க்கொடி பழத்தை வெட்டித் தேனில் தொட்டு என் முகத்தில் தேய்த்தாள். அது காய்வதற்குள் வேலைக்கு நேரமாகிவிட, அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு மத்தியான ஷிப்ட், நல்ல வெயில். பஸ்ஸில் எனக்குச் சன்னல் வலது பக்கம். போகிற வழி முழுக்க வலது கன்னத்தில் வெயில் அடித்தது. ஆயர் குரோ போய்ச் சேருவதற்குள் எரிய ஆரம்பித்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் கொப்பளித்தது. அதற்கப்புறம் கறுத்தது. இப்போது என் வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், சொட்டுச் சொட்டாக வழிந்த மாதிரி ஒரு கறுப்பு. அதே டாக்டரம்மாவிடம்தான் மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் இப்படித்தான் வெந்துபோகும், கறுப்பு மறையப் பல வாரம் ஆகும், களிம்பு தருகிறேன், இனிமேல் சாப்பாட்டைச் சாப்பிட மட்டும் செய்யுங்கள் என்றார்.

மறையப் பல வாரம் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நிச்சயத்தில் தட்டு மாற்றுவது யார்? நீங்களும் நானும். எதிரெதிரே நிற்போம். உங்கள் பக்கத்துச் சொந்தபந்தம் எல்லாம் என்னைத்தான் பார்க்கும். பெண்ணின் அப்பாவுக்கு என்ன வியாதி, பரம்பரையாக வருமா, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வருமா என்று யாராவது ஒரு வார்த்தை கிசுகிசுத்தால் போதுமே. பிள்ளை தலை குனிந்து நிற்க வேண்டியிருக்குமே. இந்த யோசனையில்தான் சம்பந்தி, டாக்டரம்மா பேச்சை மீறிவிட்டேன். களிம்பு மெதுவாகத்தானே வேலை செய்யும், கூடவே வீடியோவில் சொன்ன பப்பாளியையும் பூசிவிடுவோம் என்று, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பப்பாளிக்காய் பறித்து வந்தேன். பழுத்தது கிடைக்கவில்லை. பச்சைக் காயின் பால் பட்டு இடது கண்ணும் வீங்கிப் போயிற்று. அதுவரை நன்றாக இருந்த பக்கம் அது ஒன்றுதான்.

கருஞ்சீரக எண்ணெய் கேட்டு மறுபடி மீரா சாஹிப் கடைக்குப் போனபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "அண்ணே, எங் கடை முழுசையும் மூஞ்சில பூசிப் பாத்துட்டீங்க. இனி உப்பும் புளியுந்தான் பாக்கி. ஒங்களுக்கு நான் ஒன்னும் விக்க மாட்டேன், வீட்டுக்குப் போங்க" என்று கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர். அவர் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் மலர்க்கொடி முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

முட்டை வெள்ளைக்கருவை முகத்தில் பூசி, மேலே டிஷ்யூ தாளை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் அழுக்கும் கறுப்பும் தாளோடு வந்துவிடுமாம். படுத்திருந்தேன். தாள் காய்ந்து முகம் உடும்புத் தோல் போல் இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், சாப்பாடு சைவமா என்று நீங்கள் மரியாதையாகக் கேட்க, நான் எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொன்னேன். அது திமிர் இல்லை சம்பந்தி. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த "ம்"முக்காக இந்தக் கடிதத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாடு சைவம்தான்.

நீங்கள் போனை வைத்ததும் மலர்க்கொடி தாளை உரித்தாள். கறுப்பு வரவில்லை. மீசை வந்தது. முழுசாக வந்திருந்தாலும் பரவாயில்லை, இடது பக்கம் பாதி மட்டும் வந்தது. நான் போட்ட சத்தத்தில் தேவமலர் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயோ அப்பா!" என்றவள் உடனே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். மிச்ச மீசையை நானே வழித்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து மலர்க்கொடி என்னை மீசை இல்லாமல் பார்த்ததில்லை. என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க தம்பி மாதிரியே இருக்கீங்க" என்றாள். எனக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு நடந்ததில், எந்த மருந்தும் என் முகத்தில் தேறாததால் ஒன்றுகூடத் தேவமலர் முகத்துக்குப் போகவில்லை. தேர்வு முடிந்தது. பிள்ளை நன்றாகத் தூங்கினாள், பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாள். பரு எல்லாம் தானாக வற்றிவிட்டது. இப்போது முகம் நிலா மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கும்போது என் மனசு நிறைகிறது. உடனே என் முகம் ஞாபகம் வந்து பயமும் வருகிறது. ஆகவே தயவுசெய்து இரண்டு மாதம் பொறுங்கள். மண்டபத்தில் நானே பேசிக்கொள்கிறேன். காரணம் கேட்பவர்களுக்கு உங்கள் ஜோசியர் அண்ணன் நாள் மாற்றியதாகவே சொல்லிவிடலாம், அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் வேறு யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் எல்லார் முகமும் என்றைக்கும் வாடாதிருக்கட்டும்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
நாகமுத்து

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தேவமலர் வேலையிலிருந்து வந்து, கடிதத்தை எடுத்து முழுவதும் படித்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க மஞ்ச பூசிக்கிட்ட அன்னைக்கே தினேஷுக்கு போட்டோ அனுப்பிட்டேன்" என்றாள். மாப்பிள்ளை அதை அவர் அம்மாவுக்கு அனுப்பினாராம். சம்பந்தியம்மா உங்கள் குடும்பக் குழுவில் போட்டார்களாம். எலுமிச்சை, பப்பாளி, முட்டை, மீசை எல்லாமே அன்றன்றைக்கே அங்கே வந்து சேர்ந்துவிட்டனவாம். நாற்பது பேர் இருக்கிறார்களாம் அந்தக் குழுவில். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது அழுவதற்கு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. போனையும் காட்டினாள். மீசை இல்லாத என் படத்துக்குக் கீழே நீங்களே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள் சம்பந்தி. ஜோசியர் அண்ணன் இதயம் போட்டிருக்கிறார்.

வெட்கத்தில் நான் உறையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்படியானால் கட்டாயம் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்காகத்தானே இவ்ளோவும் பூசிக்கிட்டீங்க. அத அவங்க எல்லாருக்கும் சொல்லித்தான் போட்டோவே அனுப்புனேன். அன்னைக்கு நான் ஒங்க பக்கத்துலதான் நிப்பேன். எந்தப் பக்கம் கறுப்பா இருக்கோ அந்தப் பக்கம்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல், குறித்த நாளில் குறித்த நேரத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். அந்த நாற்பது பேரையும் அழைத்து வாருங்கள். நேரில் பார்த்தால் போட்டோவில் இருக்கும் அளவுக்கு மோசமில்லை என்று எழுதச் சொல்கிறாள் மலர்க்கொடி.