விளக்குக் கம்பத்துக்குக் கிடைத்த மன்னிப்பு

புது தில்லி,
14-2-1979

மகாராஜராஜஸ்ரீ சேஷன் அத்திம்பேர் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் வைத்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் இடது காலைத் தவிர அனைவரும் க்ஷேமம். அவ்விடம் மீனாக்ஷி அக்கா, குழந்தைகள் எல்லோருடைய கால்களும் க்ஷேமமா என்று அறிய ஆவல்.

"கொடுத்ததை வாங்கிக்கொண்டு ராஜியாகப் போ" என்று தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. மன்னிக்கணும் அத்திம்பேர், மாட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டால் நீங்களும் மாட்டீர்கள். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்குப் பீஸ் கட்ட ஜனவரி பதினெட்டுதான் கடைசி நாள். காலை சரியாகப் பதினொன்று இருபத்தைந்து. வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கோர்ட் மனுவிலும் நிமிஷம் விடாமல் எழுதியிருக்கிறேன். ஓரமாகப் போன என்னை ஓர் அம்பாசிடர் தள்ளிவிட்டு, மேலே போய் விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. ஓட்டினவன் ஒரு மரக்கடை முதலாளி. காலங்கார்த்தாலேயே அப்படி ஒரு குடி. இறங்கி வந்தவன் கம்பத்தைப் பார்த்துக் கைகூப்பி, "மாஃப் கர்னா, பாய்சாப்" என்று மன்னிப்புக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, குருடு, கழுதை என்று திட்டினான்! தில்லிக் குளிரில், கோட்டுகூட இல்லாமல், கால் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகக் கிடக்கிறேன். எனக்குத் திட்டு, கம்பத்துக்கு மரியாதை. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கோ.

கேஸ் போட்டதும் ஆள் மூலம் ஒரு டப்பா லட்டும் முந்நூறு ரூபாயும் அனுப்பினான். "வாங்கிண்டு விட்டுடுங்கோன்னா, அவன் பெரிய மனுஷன்" என்கிறாள் ருக்மிணி. பெரிய மனுஷனாம்! ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். லட்டையும் அனுப்பினேன், இரண்டு குறைந்ததற்குக் குழந்தைகள்தான் பொறுப்பு. நஷ்ட ஈடு பத்தாயிரம் கேட்டிருக்கிறேன். பணம் கிடக்கட்டும் அத்திம்பேர், கம்பத்திடம் சொன்னானே, அந்த வார்த்தையை அவன் கோர்ட்டில் நின்று, குடிக்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியாகணும். இருபத்திரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், எவனுக்கும் பயப்பட மாட்டேன். சுப்ரீம் கோர்ட் இந்த ஊரிலேயேதான் இருக்கு, மாவுக்கட்டோடு பஸ் ஏறிப் போவேன்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். இனி ராஜி என்ற வார்த்தையைக் கார்டில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
எதற்கும் வளைந்து கொடுக்காத,
வைத்தி

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வாய்தாவுக்குப் போய் வந்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் நாற்காலியில் கோட்டு தொங்கினால் ஆள் இருப்பதாக அர்த்தம். பீஸ் கட்டப் போன அன்றும் மாட்டிவிட்டுத்தான் போனேன். பக்கத்து ஸீட் ஜோதிலிங்கம் சாயங்காலம் வரைக்கும், "இப்பத்தான் சார் எழுந்து போனார்" என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறான். நானும் மறுநாளிலிருந்துதான் லீவு போட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி பத்து மணியிலிருந்து ஐந்து வரை வைத்தியநாதன் ஸீட்டில் இருந்தார் என்று எதிர்க்கட்சி வக்கீல் எங்கள் ஆபீஸிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இல்லை என்று நான் வாயைத் திறந்தால் ஜோதிலிங்கத்துக்கும் வேலை போகும், எனக்கும் போகும். ஆகவே நான் ஆபீஸில்தான் இருந்தேன். மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். லட்டு டப்பா திரும்ப வருமா என்று ருக்மிணி கேட்கிறாள். மன்னிப்பு கம்பத்தோடு சரி. அது பாவம், அந்த நேரத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.