கார்த்திகைக் கடலும் காவேரி நீச்சலும்

ஒரு தெர்மாமீட்டர்மேல் பொறாமைப்பட்டவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா வேலை, தென்னூரில் வாடகை வீடு, கல்யாணமாகி நாலு மாதம். மனைவி கமலாவுக்கு நாகப்பட்டினத்தில் ஓர் அத்தை மகன். பெயர் சுந்தரம். தினம் காலையில் வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவது துறைமுகத்தில் அவன் வேலை. (இதற்குச் சம்பளம் வேறு.)

ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், இலையில் உட்கார்ந்ததிலிருந்து கடலைப் பற்றியே பேசினான்.

"மாசி, பங்குனியில கடல் குளம் மாதிரி கிடக்கும், கமலா. சித்திரையில தண்ணி வெதுவெதுன்னு எண்பத்தஞ்சு டிகிரிக்குப் போயிடும். ஐப்பசி, கார்த்திகையிலயும் சூடு ரொம்பக் குறையாது. ஆனா கால வச்சா இழுத்துடும்."

"அப்படியா அத்தான்?" என்று கமலா ரசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். என்னை அவள் "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள். அவன் மட்டும் அத்தான். அன்று என் இலைக்கு ரசம் வரவேயில்லை.

"ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துப் படித்துறையில குதிச்சேன்னா, ஆடி வெள்ளத்துலயே எதிர்க்கரையில ஏறுவேன்" என்றேன். (ஏறியது ஒரே ஒரு முறை. அதுவும் பாதி தூரம் ஒரு வாழை மரத்தைக் கட்டிக்கொண்டு.)

"ஆறு வேறங்க, கடல் வேற" என்றான் சுந்தரம், பணிவாக. அந்தப் பணிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கார்த்திகையில் அவன் தங்கை கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் போனோம். மறுநாள் காலை மூவரும் கடற்கரையில் நின்றோம். "இப்ப இறங்காதீங்க மாப்பிள்ளை" என்றான் சுந்தரம். கமலா அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அது போதுமாயிருந்தது. சட்டையைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டு இறங்கினேன்.

தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, "வெந்நீர் போட்டு வச்ச மாதிரி இருக்கு, இதுக்கா பயந்தீங்க?" என்று கத்தினேன். கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. முதல் அலை குப்புறத் தள்ளியது. இரண்டாவது, கல்யாணத்துக்கு வாங்கிய புது வேட்டியை உருவிக்கொண்டு போனது. மூன்றாவது என்னையே கொண்டு போனது. எவ்வளவு கை வீசினாலும் கரை தள்ளித் தள்ளிப் போயிற்று. அந்த நேரத்தில் நான் கூப்பிட்டது கடவுளை அல்ல.

"அத்தான்!"

சுந்தரம் பாய்ந்து வந்து என் தலைமுடியைப் பிடித்தான். கரைக்கு நேராக இழுக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், இழுப்பு விட்ட இடத்தில் கரையேற்றி, தன் துண்டை என் இடுப்பில் சுற்றினான்.

கமலா அழுதுகொண்டே ஓடி வந்தாள். திட்டு எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடலப் பத்தி அவ்வளவு பேசுறீங்கல்ல? இவர ஏன் இறங்க விட்டீங்க? இவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

கேள்வி சுந்தரத்துக்கு. உயிரைக் காப்பாற்றியவன் ஈரம் சொட்டச் சொட்டத் திட்டு வாங்கினான். அவன் துண்டைக் கட்டிக்கொண்டு மணலைத் துப்பியபடி கிடந்த நான் (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் இருந்ததில்லை.

சுந்தரம் அதைச் சும்மா விடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தென்னூருக்குத் தபால் கார்டு வர ஆரம்பித்தது. "வெப்பம் எண்பது. அலை அதிகம். மாப்பிள்ளை இறங்க வேண்டாம்." பங்குனியில், "கடல் அமைதி. மாப்பிள்ளை இறங்கலாம்." கார்டு என்பதால் தபால்காரர் வரும் வழியிலேயே படித்துவிடுவார். "சார், இந்த மாசம் இறங்கலாமாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

இப்போது என் மருமகள் குளியலறையில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, சிரிக்காமல் வந்து சொல்கிறாள்: "மாமா, இறங்கலாம்."