பதினோரு சுற்று

விடியற்காலை ஐந்தே காலுக்குக் கண்ணாடிக்கடைக்காரரின் போர்வையை யாரோ உருவினார்கள். யாரோ என்ன, மனைவிதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அந்தப் போர்வை மேல் கை வைத்ததே கிடையாது. கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழரை வரைக்கும் தூங்குவது அவருக்குப் பட்டா போட்ட சொத்து. நாள் முழுக்க ஊரார் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர், காலையில் தன் கண்ணை மட்டும் கொஞ்சம் கூடுதலாக மூடி வைத்துக்கொண்டால் யார் குடி முழுகிவிடும் என்று கேட்பார். நியாயம்தானே.

“எழுந்திருங்க. எல்லாரும் கீழ இறங்கிட்டாங்க.”

“ஏன், தீப்பிடிச்சிருச்சா?”

“நடக்கறாங்க.”

இந்த அடுக்குமாடியில் அவர்கள் குடிவந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. நாலு மாடி, பதினாறு வீடு. அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கட்டடத்தைச் சுற்றிப் போகும் சிமென்ட் பாதையில் இருபது பேருக்குக் குறையாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அது என்ன நடையோ, அவர் அதுவரை கண்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டி, தலையைத் தொங்கப்போட்டு, தரையையே பார்த்தபடி மெள்ள மெள்ள நகர்ந்தார்கள். மழைத்தண்ணீர் இறங்குவதற்காகக் கட்டடத்தின் நாலு மூலையிலும் இரும்புக் கம்பிமூடி போட்ட குழி உண்டு. மூலைக்கு வந்ததும் ஒவ்வொருவராக இடுப்பு வரை குனிந்து குழிக்குள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு “ப்ச்” என்றார்கள். பிறகு நிமிர்ந்து அடுத்த மூலைக்குப் போனார்கள்.

இப்படிப் பதினோரு சுற்று. கடைசிச் சுற்று முடிந்ததும் எல்லாரும் நின்று, வலது இடுப்பை இரண்டு தரம் தட்டி, வானத்தைப் பார்த்து “அப்பாடா” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

மனைவி எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டு வைத்திருந்தாள். பதினொன்று என்பது எதனாலும் வகுபடாத எண், அதனால் மனசும் சிதறாதாம். இதைச் சொன்னவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், எண்ணில் தப்பு செய்வாரா? குனிந்தால் தலைக்கு ரத்தம் போகும், ‘ப்ச்’ சொன்னால் நுரையீரலில் தங்கின பழைய காற்று வெளியேறும் என்று சொன்னவள் நாலாவது மாடி நர்ஸ். இடுப்பைத் தட்டுவது கல்லீரலுக்கு நல்லது என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சொல்லியிருந்தார். தையல்காரருக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்டதற்கு, அவர் தினம் எத்தனை பேர் இடுப்பை அளக்கிறார், அவருக்குத் தெரியாதா என்று பதில் வந்தது.

“இந்த பில்டிங்கோட வழக்கமாம். நாம மட்டும் படுத்துக் கிடந்தா என்ன நினைப்பாங்க?” என்றாள்.

என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் அதற்குள் மறுநாளைக்கென்று புது ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. சரி, சண்டை வேண்டாம், சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அங்கேதான் வினை ஆரம்பம்.

மறுநாள் முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டார். ஐந்து இருபதுக்கு அழைப்பு மணி அடித்தது. நர்ஸ் கையில் தைலத்தோடும் பட்டைத் துணியோடும் நின்றாள். முழங்காலை அமுக்கிப் பார்த்து, உட்கார்ந்த வேலையினால் வருகிற வலி இது, நடந்தால்தான் போகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பட்டைத் துணியைச் சுற்றி, இவர் நொண்டத் தோதாக ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, அவளும் தையல்காரருமாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார்கள். இல்லாத வலிக்குப் பதினோரு சுற்றும் நொண்டினதில், அன்று சாயங்காலம் நிஜமாகவே வலி வந்துவிட்டது.

அடுத்து ஒரு யோசனை செய்தார். வரிசையில் பின்தங்கி, இரண்டாவது சுற்றில் பின்பக்கப் படிக்கட்டு வழியாக நழுவிவிடுவது. பின்தங்கவும் செய்தார். படிக்கட்டுக்கு நாலடி முன்னால் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துச் சுவரில் கையை ஊன்றி நின்றார். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். வந்து தானும் சுவரில் கையை ஊன்றினார். அவருக்கு முன்னால் போனவரும் திரும்பினார்.

மூன்றே நாளில் அந்த இடத்தில் எல்லாரும் சுவரில் கையை ஊன்றி நின்று மூச்சு விட்டுவிட்டுத்தான் போனார்கள். சுவரின் குளிர்ச்சி உள்ளங்கை வழியாக உடம்பில் ஏறுகிறது என்று செயலாளர் அறிவித்தார். இதனால் நடை பத்து நிமிஷம் நீண்டுவிட்டது. அதை ஈடுகட்ட ஐந்தே காலுக்குப் பதில் ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டுப் பலகையிலேயே முட்டிக்கொள்ளலாமா என்று பார்த்தார். முட்டினால் மறுநாள் இருபது பேரும் முட்டுவார்கள் என்ற பயத்தில் விட்டுவிட்டார்.

தூக்கம் கெட்டதில் கடையில் வேலை கெட்டது. ஒருநாள் ஒரு வக்கீலுக்கு இடது கண் லென்ஸை வலதிலும் வலது கண் லென்ஸை இடதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்ட வக்கீல் கடை வாசற்படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவினார். நல்லவேளை, நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். இனி பொறுப்பதற்கில்லை என்று இவருக்குத் தோன்றிவிட்டது.

மாதக் கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, லிப்ட், குப்பை எல்லாம் பேசி முடித்ததும் இவர் எழுந்து, இந்த நடையால் யாருக்காவது என்ன பயன் கிடைத்தது என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“இத்தனை நாள்ல இப்படி ஆழமா யோசிச்சது நீங்க ஒருத்தர்தான் சார்” என்றார்.

கைதட்டல் எழுந்தது. நாளையிலிருந்து வரிசைக்கு முன்னால் இவர்தான் போக வேண்டும், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இவர்தான் நடையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆக, பின்னால் இருந்தால் நழுவலாம் என்ற வழியும் அடைபட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், இனிமேல் முடியாது, நாளைக்கே எல்லார் முன்னாலும் இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று குதித்தார். அவள் சண்டைக்கு வரவில்லை. காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“பழைய வீட்டுல ஆறு வருஷம் இருந்தோம். எதிர்வீட்டுக்காரி மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது.

“எனக்கும் தெரியாது. நீங்க காலையில கடைக்குப் போனா ராத்திரிதான் வருவீங்க. நடுவுல நான் பேசினது யார்கூட? டிவியில செய்தி வாசிக்கறவகூட. இங்க முந்தாநாள் தலைவலின்னு ஒரு நாள் இறங்கல. ஏழு பேர் வந்து கதவைத் தட்டினாங்க. ஏழு பேர். நான் விரல் விட்டு எண்ணினேன். அந்தக் குழிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? குனிஞ்சு நிமிரும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்காங்களே, எனக்கு அது போதும்.”

பதினெட்டு வருஷமாக ஏழரை வரை தூங்கினவருக்கு, தான் கடைக்குப் போன பிறகு வீட்டில் அவள் எப்படிப் பொழுதைக் கழித்தாள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாள் என்பதில் நிறைவாகவும் இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, நடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அஞ்சு மணியை ஆறரை ஆக்கவும் பதினொன்றை அஞ்சு சுற்றாகக் குறைக்கவும் மட்டும் கேட்கிறேன் என்று இறங்கி வந்தார். அவளும், அப்படின்னா எனக்கும் சரி, எனக்கும் தூக்கம் வருது என்று ஒப்புக்கொண்டாள்.

செயலாளரிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆரம்பித்து வைத்தவர்கள் பதினொன்று என்று வைத்திருக்கிறார்கள், அதைக் குறைக்க நாம் யார் என்றார். சுவரில் கை ஊன்றுவதைச் சேர்க்கவில்லையா என்று இவர் மடக்கினார்.

“சேர்க்கறது வேற, குறைக்கறது வேற சார். குறைக்கணும்னா ஆரம்பிச்சவங்க வாயால வரணும். அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் நாளைக்கே அஞ்சாக்கிடறேன்.”

“யார் ஆரம்பிச்சது?”

“நர்ஸம்மாதான். அவங்க இறங்கினதைப் பார்த்துத்தான் நான் இறங்கினேன்.”

அவ்வளவுதானே, விஷயம் முடிந்தது என்று நாலாவது மாடிக்கு ஏறினார். நர்ஸ் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் நானாக நடக்க ஆரம்பிப்பேனா என்று திருப்பிக் கேட்டாள். தையல்காரர் போவதைப் பார்த்தாளாம். அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு, டாக்டர் சொல்லித்தான் போகிறார் என்று நினைத்து இவளும் சேர்ந்துகொண்டாளாம்.

இறங்கிக் கீழ்வீட்டுக்கு வந்தார். தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தனக்கு ரத்த அழுத்தமே கிடையாது என்றார்.

“மாடியில நம்ம செயலாளர் ஜன்னல்கிட்ட நின்னு, கீழயே பார்த்துக்கிட்டு இருந்தார் சார். அவ்வளவு படிச்ச மனுஷன் கண்ணை எடுக்காம பார்க்கறார்னா அதுல என்னமோ இருக்குன்னுதான் மறுநாள் நான் இறங்கினேன். எல்லாம் அவர்தான்.”

செயலாளரைக் கேட்டால் நர்ஸ், நர்ஸைக் கேட்டால் தையல்காரர், தையல்காரரைக் கேட்டால் செயலாளர். கண்ணாடிக்காரர் மாடிப்படியில் ஏறி இறங்கி நிஜமாகவே பதினோரு சுற்று சுற்றினதுபோல் ஆகிவிட்டது. மற்ற வீடுகளையும் விடவில்லை. பதினாறு வீட்டிலும் விசாரித்தார். அத்தனை பேரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் இறங்கியிருந்தார்கள். ஒருத்தர்கூட தானாக இறங்கவில்லை. ஆனால் தன்னைப் போலவே பாதிப் பேர் தூக்கத்துக்கு ஏங்குகிறார்கள் என்பதும், ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த இருபது பேரையும் காப்பாற்ற, இதை முதலில் ஆரம்பித்த ஒரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் நடை முடிந்து எல்லாரும் “அப்பாடா” சொல்லிக் கலைந்த பிறகு, அவருக்கு வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. கட்டடம் கட்டின நாளிலிருந்து கேட்டில் இருக்கிற மனுஷர். வருகிறவர் போகிறவர் யாரும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

கண்ணாடிக்காரர் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். தன் தூக்கம் போனதைச் சொன்னார், வக்கீல் கதையைச் சொன்னார். மனைவிக்கு இந்த நடை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். நிறுத்தக்கூட வேண்டாம், அந்த ஆள் வந்து அஞ்சு சுற்று போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் காலில் விழவும் தயார் என்றார். சொல்லச் சொல்லப் பட்ட பாடெல்லாம் ஞாபகத்துக்கு வந்து கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆனா கால்ல விழறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம விட மாட்டேன். குழிக்குள்ள எட்டிப் பார்த்து ‘ப்ச்’சுன்னு சொல்றதுக்கு இருபது பேரை எழுப்பி விட்டிருக்கானே, எந்தக் கிறுக்கன் அவன்? உங்களுக்குத் தெரியாம இருக்காது. பயப்படாம சொல்லுங்க.”

வாட்ச்மேன் பேப்பரை நாலாக மடித்தார். எட்டாகவும் மடித்தார். இவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“குடிவர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, வெள்ளையடிக்க ஆளைக் கூட்டிக்கிட்டு விடியக்காலையில வந்து, வீட்டுச் சாவியைக் காணோம்னு மூலைக்கு மூலை குனிஞ்சு பார்த்துப் பதினோரு சுத்து சுத்தினீங்களே சார், கடைசியில சாவி உங்க பேண்ட் பையிலேயே இருந்துச்சே, அன்னிக்கு மாடியில எல்லா ஜன்னல்லயும் ஆள் நின்னதை நீங்க பார்க்கலையா?”