வரிசையில் நின்ற பை

எங்கள் தீவில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், 'ரஹ்மத் டீச்சர் வெளிநாட்டில் வெடிகுண்டு வைத்த கதை'யை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பாதிக் கதையிலேயே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் சிரிப்பேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன். (மடியில் கனம் உள்ளவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் போலிருக்கிறது.) அந்தக் கதையில் விமானம், போலீஸ், ஊறுகாய் எல்லாம் சரி. பெயர் மட்டும்தான் தப்பு.

நான் அந்தமானின் லாங் ஐலண்ட் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது ஒப்பந்தத்தில் வேலை. ராமநாதபுரத்திலிருந்து வந்த முதல் வாரத்திலேயே இந்தத் தீவு எனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. இங்கே கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் மனிதர்கள் நிற்பதில்லை, பைகள்தான் நிற்கும். விடிந்ததும் வந்து ஒரு பையையோ, ஒற்றைச் செருப்பையோ, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கல்லையோ வரிசையில் வைத்துவிட்டு, முன்னால் இருப்பவரிடம் "மேரா நம்பர் ஹை, பையா" (இது என் இடம், அண்ணா) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விடலாம். கவுன்ட்டர் திறக்கும்போது வந்தால் நம் இடம் அப்படியே இருக்கும். அடுத்தவர் பையை யாரும் தொட மாட்டார்கள். இரண்டாவது பாடம், எங்கே வரிசையைக் கண்டாலும் முதலில் சேர்ந்துவிட வேண்டும், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். கணக்கு டீச்சர் இல்லையா, இரண்டையும் சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன்.

போர்ட் பிளேரிலிருந்து கோலாலம்பூருக்கு நேராக விமானம் விட்டிருந்த சமயம் அது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த மூன்று டீச்சர்கள், மூன்று நாள் பயணமாகக் கிளம்பினோம். கொல்கத்தாக்காரரான உயிரியல் தத்தா மேடத்துக்கு நகரம் பார்க்க ஆசை. எனக்கு நகரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசை. தமிழ் டீச்சர் ரஹ்மத்துக்கு மட்டும்தான் உண்மையான காரணம் இருந்தது.

அவருடைய தங்கை ஜமீலா கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரு தடவைகூட ஊருக்கு வர முடியவில்லை. நடுவில் அவர்களுடைய உம்மா போர்ட் பிளேரில் மௌத்தாகிவிட்டார். ஜமீலா அந்தச் சாவுச் செய்தியையும் போனில்தான் கேட்டாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு வருவது அவளுக்கு லேசில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி ஒரே ஒரு நாள் உட்காரவைத்துவிட்டு வருகிறாள். இரண்டு மணிக்கு அவள் பஸ் கோலாலம்பூர் பஸ் நிலையத்துக்கு வரும், ஐந்து மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்துக்காக டீச்சர் ஒரு பை தயார் செய்திருந்தார். உள்ளே உம்மாவின் சேலை ஒன்று, டீச்சர் தன் கையால் போட்ட சூரை மீன் ஊறுகாய் மூன்று பாட்டில். எண்ணெய் கசிந்து சேலையில் பட்டுவிடக் கூடாது என்று பாட்டில்களுக்குக் கட்டு போட்டது நான்தான். எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் கறுப்பு டேப்பை எடுத்து, ஒவ்வொரு பாட்டிலையும் அடி முதல் மூடி வரை இரண்டு சுற்று சுற்றினேன். பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வயரால் இறுக்கிக் கட்டினேன். பையின் கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு பச்சை ரிப்பனும் கட்டினேன். "பிரமாதம் புள்ள" என்றார் டீச்சர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பஸ் நிலையத்துக்கு ஒன்றரை மணிக்கே போய்விட்டோம். அது பஸ் நிலையமா விமான நிலையமா என்று சந்தேகம் வரும்படி இருந்தது. டீச்சர் பையை என் கையில் கொடுத்தார்.

"நான் லுஹர் தொழுதுட்டு வந்துடுறேன். பத்து நிமிஷம். பையைக் கையை விட்டு இறக்கிடாத புள்ள, என்ன?"

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க டீச்சர். என் உசுரு மாதிரி பாத்துக்கிறேன்."

(என் உயிரை நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும்.)

அவர் போன இரண்டாவது நிமிடம், எதிரே ஒரு வரிசையைப் பார்த்தேன். முப்பது பேருக்குக் குறையாத அருமையான வரிசை. மறுநாள் மலாக்கா போக எங்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. சுவர் ஓரமாக டிக்கெட் இயந்திரங்கள் நின்றன. ஆனால் வரிசையில் நிற்காமல் கிடைக்கும் டிக்கெட்டை எந்த அந்தமான்வாசி நம்புவான்? போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து, நகரும் படிக்கட்டின் அடியிலிருந்து தத்தா மேடம் என்னைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கை ஆட்டினார்.

"அரே செல்வி, ஜல்தி ஆவோ! போட்டோ!"

நான் என்ன செய்தேன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையை வரிசையில் நிறுத்தினேன். முன்னால் நின்ற சீனப் பெரியவரின் தோளைத் தட்டி, "மேரா நம்பர் ஹை, பையா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இந்தி பேசினால் கடல் தாண்டிய எல்லோருக்கும் புரியும் என்று அன்றைக்கு நான் மனதார நம்பினேன்.

லாங் ஐலண்டில் நகரும் படிக்கட்டு கிடையாது. அதில் நாங்கள் நான்கு தடவை ஏறி இறங்கினோம். ஐந்தாவது தடவை மேலே போய்க்கொண்டிருக்கும்போது விசில் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் மலாயில் ஏதோ சொன்னார்கள். சீருடைக்காரர்கள் ஓடி வந்து எல்லோரையும் வாசல் பக்கம் தள்ளினார்கள். அந்த நெரிசலில் தத்தா மேடம் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். பக்கத்தில் ஒரு தமிழ் அம்மா, "யாரோ பையைப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். குண்டா இருக்குமோன்னு பயப்படுறாங்க" என்றார்.

"இப்படியும் பொறுப்பில்லாத ஜென்மங்க இருக்கே! படிப்பறிவு இல்லாததுங்க!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடித்துக்கொண்ட கை தலையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கையில்தானே பை இருக்க வேண்டும்?

கண்ணாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய வெற்றுத் தரை. சுற்றிலும் மஞ்சள் நாடா. நடுவில், நான் வைத்த இடத்தில், நான் கட்டிய பச்சை ரிப்பனோடு பை தனியாக நின்றது. ஒன்று சொல்ல வேண்டும், இடம் போகவே இல்லை.

அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கையைத் தூக்கி, "அது என்னுடைய பை" என்று சொல்ல வேண்டும். தினமும் வகுப்பில் 'தப்பு பண்ணினவங்க எழுந்து நில்லுங்க' என்று நாற்பது பிள்ளைகளிடம் கேட்கிறவள் நான். எனக்குக் கை எழும்பவில்லை, நாக்கும் எழும்பவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, பஸ் நேரப் பலகையை மிகுந்த ஈடுபாட்டோடு வாசித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் அப்படி நின்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

தொழுகை அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கிருந்தவர்களைக் காவலர்கள் கடைசியாக வெளியேற்றியபோது ரஹ்மத் டீச்சரும் வந்தார். பையைப் பார்த்தார். ஐம்பத்தொன்பது வயதுப் பெண் மஞ்சள் நாடாவுக்குள் அப்படிக் குனிந்து நுழைவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எங்க பை! அது எங்க பை!"

மூன்று போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் உடம்பு முழுக்கக் கனத்த கவசத்தோடு பையை நெருங்கி, நீளக் கம்பியால் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தூக்கினார். கறுப்பு டேப் சுற்றி, வயரால் இறுக்கிக் கட்டிய மூன்று உருளைகள்.

கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சாகப் பின்னால் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். கட்டியவள் நான் என்று தெரிந்தும் எனக்கே பயமாகத்தான் இருந்தது.

கம்பி இரண்டாவது தடவை இறங்கி, உம்மாவின் சேலையைத் தூக்கிப் பிடித்தது. கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புட்டா. அது அப்படியே காற்றில் விரிந்தது. எதிர் வாசலில், வெளியே நிறுத்தப்பட்ட பஸ்களிலிருந்து இறங்கிய கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"உம்மா சேலை! அது எங்க உம்மா சேலை! லாத்தா!"

ஜமீலா. அவளும் நாடாவுக்குள் குனிந்துவிட்டாள். போலீஸ்காரர்கள் நடுவிலேயே அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று தெரியாமல் அவர்கள் விழித்தார்கள். அந்தத் தமிழ் அம்மாவும் அழுதார். தூணுக்குப் பின்னால் நானும் அழுதேன், ஆனால் என் அழுகைக்குக் காரணம் வேறு.

பிறகுதான் தூணை விட்டு வெளியே வந்தேன். 'அவங்களோட வந்தவ' என்று சொல்லி (அதை மட்டும்தான் சொன்னேன்) காவல் அறைக்குள் நானும் போனேன். ஒரு அதிகாரி படிவத்தை எடுத்து வைத்தார். ஜமீலா மலாயில் கடகடவென்று விளக்கினாள். இன்னொருவர் டேப்பைக் கிழித்து ஒரு மூடியைத் திறந்தார். அறை முழுவதும் சூரை வாசனை. எண்ணெய் பொங்கி, மேசைமேல் இருந்த சேலையின் முந்தானையில் கொட்டியது.

அதிகாரி நிமிர்ந்தார். "பையை அங்கே விட்டுட்டுப் போனது யாருன்னு கேக்கிறாரு லாத்தா" என்றாள் ஜமீலா.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். மேசைக்கு அடியில் டீச்சர் என் காலை மிதித்தார்.

"நான்தான்னு சொல்லு ஜமீலா." அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடியே என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "வாயை மூடு புள்ள. உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. போலீஸ் பேப்பர்ல பேர் ஏறுச்சுன்னா தொலைஞ்ச. எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ் பாக்கி. என்னை என்ன பண்ணிடுவாங்க?"

மூடிக்கொண்டேன். பெரியவர்கள் சொல்லை என் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் நான் கேட்டதில்லை.

எச்சரித்து அனுப்பியபோது மணி நாலரை. போகும்போது ஜமீலா ஒரு பாட்டிலை அதிகாரியிடமே கொடுத்தாள், அவர் மறுக்கவில்லை. வெளியே அந்த வரிசை மறுபடியும் கூடியிருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு பெண் சின்னக் காகிதக் கோப்பைகளில் இலவசமாக மாம்பழச் சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலாக்கா டிக்கெட்டை ஜமீலா இயந்திரத்தில் ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

மீதி அரை மணி நேரம் அக்காவும் தங்கையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பத்தடி தள்ளிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டரை மணி நேரத்தை நான் தின்றிருந்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. பஸ் ஏறும்போது ஜமீலா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறையைப் பார்த்து நான், "மன்னிச்சுக்கங்க அக்கா, வெந்நீர்ல ஊற வச்சா போயிடும்" என்று உளறினேன்.

"போக வேணாம்" என்றாள் அவள். "உம்மா சேலையில எப்ப ஊறுகாய் வாசம் இல்லாம இருந்துச்சு?"

திரும்பி வருவதற்குள் தத்தா மேடம் வழியாகக் கதை தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சரின் பெயர்தான். மறுக்க வேண்டியவள் நான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, அதற்குள் எனக்கு வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

போன வருடம் ரஹ்மத் டீச்சரின் பணி நிறைவு விழாவில் ஹெட்மாஸ்டர் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். டீச்சரும் சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். பை, வரிசை, படிக்கட்டு, தூண் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"தேகோ! டீச்சர் மேல இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பாசம் பாருங்க. கடைசி நாள்ல பழியைக்கூடத் தன் தலையில போட்டுக்குது!"

அரங்கமே கைதட்டியது. "ஐயோ, நிஜமாவே நான்தான் சார்!" என்று கத்தினேன். கைதட்டல் கூடியது. உதவி கேட்டு ரஹ்மத் டீச்சரைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மாலையைக் கழற்றிவிட்டு அருகில் வந்து என் தோளைத் தொட்டார். "போர்ட் பிளேர் படகுக்கு என் பையைத் துறையில வரிசையில வச்சிருக்காங்களாம் புள்ள. போய்ப் பக்கத்துல நில்லு."

போய் நின்றேன். முப்பது பைகள், ஆறு செருப்புகள், ஒரு கல், நான். படகு வரும்வரை ஒன்றரை மணி நேரம் அந்தப் பையின் கைப்பிடியை நான் விடவில்லை.