மெனு வைத்த கல்யாண சிடி

“தம்பி, கல்யாண சிடி ஓட மாட்டேங்குது. மேளச் சத்தம் மட்டும் கேக்குது. பிள்ளையும் மாப்பிள்ளையும் சிரிச்சமானிக்கே நிக்குறாக.”

போனில் அய்யம்மாள். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோ ஆக்கியிருக்கும் ராபின், முதன்முதலாக மெனு வைத்துக் கொடுத்த சிடி அது. மணமக்கள் போட்டோ, கீழே ‘தொடங்கு’ என்று ஒரு பட்டன், பின்னணியில் நாதஸ்வரம். செய்து முடித்த நாளிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

“கெட்டுப்போகலக்கா. அது மெனு. ரிமோட்ல நடுப் பட்டன அமுக்குனா ஓடும்.”

“எனக்கென்னப்பா தெரியும்? அவருதான் டிவிப் பெட்டியத் தொடுவாரு. கேட்டா, சிடில கோளாறுங்குறாரு.”

அவர் என்பது அய்யம்மாளின் கணவர் தங்கமுத்து. வத்தலக்குண்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர். மூத்த மகளைக் கீரனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்; அந்தக் கல்யாணத்து சிடிதான் இது.

சாயங்காலம் தங்கமுத்துவின் தெருக்காரர் சுருளிவேல் போனில் பேசினார். ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். வீடியோவுக்கு ராபினைத்தான் சொல்லி வைத்திருந்தார். ராபின் அந்த ஆர்டரை நம்பித்தான் புதுக் கேமராவே வாங்கியிருந்தான்.

“ஏப்பா, தங்கமுத்து வீட்டுல அம்புட்டுச் சனமும் உக்காந்து ஒரே போட்டோவப் பாத்துட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்கும் இப்படித்தான் எடுப்பியா?”

“அண்ணே, நாளைக்கே வேற சிடி தாரேன்.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். யார் கேட்டார்கள் மெனுவை? ராபின் தன்னையே திட்டிக்கொண்டு, மெனு வந்த கொஞ்ச நேரத்தில் படம் தானாக ஓடும்படி மாற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான்.

மறுநாளும் சுருளிவேல்தான். “இப்ப ஓடுது. ஆனா பந்தி முடிஞ்சதும் பொசுக்குன்னு நின்னுருதே!”

ராபின் தன் பிளேயரில் போட்டுப் பார்த்தான். கடைசிவரை நன்றாகவே ஓடியது. சனியன் மெனுவில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அதை அடியோடு தூக்கிவிட்டு மூன்றாவது சிடி போட்டு அனுப்பினான்.

இப்போது அய்யம்மாள். “தம்பி, இதுவும் அதே எடத்துல நிக்குது. போதாக்கொறைக்கு அந்தப் போட்டோவும் போச்சேன்னு அவரு சோறுதண்ணி இல்லாம உக்காந்திருக்காரு.”

பின்னாலேயே சுருளிவேல். “வருத்தப்படாதப்பா. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

ராபின் பைக்கை எடுத்தான். நேராகச் சுருளிவேல் வீட்டுக்குப் போய், “ஒரு தடவ உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் சொல்லுங்கண்ணே” என்று கெஞ்சி, அவரைத் தங்கமுத்து வீட்டுக்கு இழுத்துவந்தான்.

“வா தம்பி, காப்பி குடிக்கிறியா?” என்றார் தங்கமுத்து. கோளாறைப் பற்றி மூச்சு விடவில்லை.

ராபின் தன் கையாலேயே சிடியைப் போட்டான். முகூர்த்தம் ஓடியது. பந்தி ஓடியது. இலை எடுக்கிற காட்சியும் வந்துவிட்டது. சுருளிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தங்கமுத்து எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

“அண்ணே!” ராபினுக்கு அழுகையே வந்துவிட்டது. “என் பொழப்புல ஏண்ணே மண்ணப் போடுறீங்க?”

தங்கமுத்து பிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

கதவோரம் நின்ற இளைய மகள் தீபாதான் சொன்னாள்:

“இதுக்கு மேல ஓடவிட்டா, அக்கா கார்ல ஏறிப் போயிரும்ல.”